தட்டு வாங்கிய ரப்பர் கை

தங்காக் பட்டணத்து ஜவுளிக்கடை முதலாளி, பெருமதிப்பிற்குரிய திரு. ராஜசேகரன் அவர்கள் சமூகத்திற்கு,

குளுவாங்கிலிருந்து ஐயாசாமி இரு கரம் கூப்பித் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: குளுவாங் ஸ்டேசனுக்கு மின்சார ரயில் வந்து நின்ற வருடம், சந்தைக்குள் உடும்பு புகுந்து கோழிக்கடை மேசையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்ட வருடம், எங்கள் வீட்டு ரம்புத்தான் மரம் கேட்பாரில்லாமல் மூன்று தெருவுக்குக் காய்த்த வருடம், அந்த வருடத்தில்தான் நம் இரு குடும்பமும் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வதாக நாள் குறிக்கப்பட்டது. அது இந்த வருடந்தான். வருடத்துக்கு நம்பர் போட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மாடு தேடப் போனதோடு சரி. ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது.

நான் சொல்லச் சொல்ல எழுதறது அடுத்த வீட்டு ஷர்மினி டீச்சர். இதுவரைக்கும் வந்தது அவங்க தமிழ். இனிமே வர்றது என் தமிழ், அதைத் திருத்தக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்.

முதல்ல சுகம் விசாரிக்கணும். இங்க நாங்க எல்லாரும் நல்ல சுகம். என் மகன் மூர்த்திக்கு மட்டும் அன்னிக்கு உங்க மோட்டார் காடி பின்னாலயே ஓடினதுல இடுப்புப் பிடிச்சிருக்கு. மருமக பிரேமலா யார்கிட்டயும் பேசறதில்ல. பேத்தி தேன்மொழி சரியாச் சாப்பிடறதில்ல. இதைத் தவிர ஒரு குறையும் இல்ல. அங்க நீங்க, உங்க அக்கா பாக்கியம், உங்க தலை எல்லாம் சௌக்கியமான்னு தெரிவிக்கணும். தலையைத் தனியா விசாரிக்கிறதுக்கு என்ன காரணம்னு உங்களுக்கே தெரியும்.

நீங்க சொல்லி அனுப்பின சேதி வந்து சேர்ந்துச்சு. "பொண்ணு அந்த மிஷின் வேலையை அடியோட விட்டாத்தான் மேற்கொண்டு பேச்சு, இல்லன்னா திரும்பி வந்த தட்டு திரும்பினதுதான்"னு நீங்க சொன்னதை உங்க மகன், எங்க மாப்பிள்ளை வசந்தன் சிங்கப்பூர்லேர்ந்து போன்ல சொன்னான். அதைக் கேட்டுட்டு தேன்மொழி எழுந்தா. நேராப் போயி அந்தக் கையைக் கழட்டி, துடைச்சு, அரிசி டின்னுக்குள்ள வச்சு மூடிட்டா. "சரி தாத்தா, விட்டுடறேன்"னா. எனக்கு அந்த 'சரி'தான் பிடிக்கல சம்பந்தி. இந்தப் புள்ள சின்ன வயசுலேர்ந்து எதுக்கும் சரின்னு சொன்னதில்ல, மருந்துக்குக் கூட. அதனாலதான் இந்தக் கடுதாசி. எங்களுக்குக் கல்யாணமும் வேணும், கையும் வேணும். சம்பந்தின்னு எழுதலாமா வேணாமான்னு டீச்சர் கேட்டாங்க. எழுதுங்க, அடிக்கணும்னா அவர் அடிச்சுக்கட்டும்னுட்டேன்.

அது என்ன கைன்னு உங்களுக்கு யாரும் ஒழுங்கா எடுத்துச் சொல்லல. நீங்களும் சொல்ல விடல. ரோபோன்னா நீங்க டிவியில பாக்கிற இரும்பு ஆள் இல்ல இது. இதுக்கு எலும்பே கிடையாது. நீங்க சோத்தோங் சம்பல் சாப்பிடுவீங்கல்ல, அந்தக் கணவாய் மீன் கடல்ல உயிரோட இருக்கும்போது எப்படியோ அப்படி. யோங் பெங் பக்கம் பப்பாளித் தோட்டம் வச்சிருக்கிற சீனத் தவுக்கே, பெரிய முதலாளி ஒருத்தர், பழம் பறிக்கிறவங்க கட்டைவிரல் பட்ட எடமெல்லாம் ரெண்டு நாள்ல கறுத்துப் போகுதுன்னு புலம்பினார். அவருக்காக என் பேத்தி செய்யறா. கம்ப்யூட்டர்ல படம் போட்டு, பிரிண்டர்னு ஒரு பொட்டியில அச்சு வார்த்து, ரெண்டு போத்தல்ல வர்ற சிலிக்கோனை ஒண்ணாக் கலந்து, உள்ள இருக்கிற காத்துக் குமிழியைப் பம்பு வச்சு உறிஞ்சி எடுத்துட்டு அச்சுல ஊத்தினா, உறைஞ்சு விரல் விரலா வரும். விரலுக்குள்ள சின்னச் சின்ன அறை விட்டிருக்கு. குழாய் வழியா காத்தை விட்டா அந்த அறை உப்பி விரல் தானா மடங்கும். காத்தை எறக்கிட்டா நிமிரும். அவ்வளவுதான் சம்பந்தி. ரப்பர் பாலை ஊத்தி உறைய வச்சுத் தகடு தகடாச் சீட்டு அடிச்ச பரம்பரை நாங்க, எனக்குப் பாத்ததுமே புரிஞ்சு போச்சு. அப்படித்தான் நான் நெனச்சேன்.

அதுலதான் முதல் கோளாறு. அது என் கோளாறு இல்ல, என் மரியாதைக்கு வந்த கோளாறு. கலக்கறப்ப கையில ஏதோ ஊதாக் கலர் கையுறை போட்டுகிட்டா. அது என்னடின்னேன். "இது ரப்பர் இல்ல தாத்தா, வேற சாமான், இதைத்தான் போடணும்"னா. ரப்பர் காட்டுல பொறந்து, ரப்பர் மரத்தைச் சீவி, ரப்பர் பாலை மோந்து மோந்து மூக்கே செத்த வம்சம், நம்ம வீட்டுலேயே ரப்பர் கையுறைக்கு எடம் இல்லையான்னு எனக்குப் பொறுக்கல. கையுறைத் தொழிற்சாலையில வேலை செய்யற சொந்தக்காரப் பொண்ணுகிட்டச் சொல்லி ஒரு பொட்டி நயம் ரப்பர் கையுறை வரவழைச்சு, அவ குளிக்கப் போன நேரம் பாத்து மாத்தி வச்சிட்டேன். குடும்பமே அதை மாட்டிகிட்டு கலக்குனோம், ஊத்துனோம், ஓவன்ல வச்சோம். மறுநாள் திறந்தா அரை வேக்காட்டுக் கேசரி மாதிரி கொழகொழன்னு கெடக்கு. ஒரு வாரம் ஆகியும் உறையல. பிரேமலா அதைக் கரண்டியால எடுக்கப் போக, கரண்டி இன்னிக்கு வரைக்கும் அதுலதான் இருக்கு. ரப்பர் கையுறையில கந்தகம் இருக்காம், அது துளி பட்டாலும் சிலிக்கோன் உறையாதாம். இதை முன்னாடியே சொல்லக் கூடாதான்னு கேட்டேன். "ரெண்டு தடவை சொன்னேன் தாத்தா"ன்னா. சொல்லியிருப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா நான் கேக்கல.

தவுக்கே நெருக்கறார், அச்சு வார்க்கிற பிரிண்டரும் அந்த நேரம் பாத்து மக்கர் பண்ணிடுச்சு. அப்பதான் தேன்மொழிக்கு ஒரு யோசனை வந்துச்சு. பல் டாக்டர் பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவை ஒரு வாளியில கரைச்சு, அதுல அப்பன் கையை முக்கச் சொன்னா. மூர்த்தி சந்தையில பழக்கடை வச்சிருக்கான்ல, பழம் பிடிச்சுப் பழகின கை. அவனும் பந்தாட்டம் பாத்துகிட்டே கையை வாளிக்குள்ள விட்டு உக்காந்திருந்தான். ஜொகூர் கோல் போட்டதும் "அலமாக்"னு எழும்பிட்டான், வாளியும் அவன் கூடவே எழும்பிச்சு. அப்புறம் திரும்ப ஒரு தடவை. கடைசியில அந்தக் குழிக்குள்ள சிலிக்கோனை ஊத்தினதும் வந்துச்சு பாருங்க ஒரு கை! மெத்துமெத்துன்னு, வெள்ளையா, அச்சு அசல் மூர்த்தி கை. உள்ளங்கை ரேகை கூட விழுந்திருக்கு. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க சம்பந்தி, பின்னால உங்க மேலயே இதைத் திருப்பப் போறேன்.

அந்தக் கையை ஒரு நீளமான மெத்துத் தும்பிக்கையோட முனையில மாட்டி, மேல ஒரு கேமரா வச்சு, பாடம் சொல்லிக் குடுத்தா. மஞ்சளா எது கண்ணுல பட்டாலும் அது பப்பாளி. மெதுவா அழுத்திப் பாக்கணும். பழுத்திருந்தா பிடிக்கணும், ஒரு திருகு திருகி எடுக்கணும், நீலக் கூடை எங்க இருக்குன்னு தேடி அதுல வைக்கணும். பழுக்கலைன்னா விட்டுரணும். வாசல்ல இருந்த போர்ட்டிகோவிலதான் இதெல்லாம். நிச்சயதார்த்தம் வீட்டுக்குள்ளதான் வைக்கிறதா இருந்துச்சு, ஆனா உங்க பக்கம் ஆள் அதிகமா வர்றாங்கன்னு போர்ட்டிகோவிலேயே நாற்காலி போட்டோம். மிஷின் மேல ஒரு பட்டுத் துணியைப் போர்த்தி, பொட்டு வச்சு, பூ சுத்தி ஓரமா நிறுத்தியாச்சு. உங்க சனத்துல ரெண்டு பேரு அதைச் சாமின்னு நெனச்சு விழுந்து கும்பிட்டதும் உண்மை. நான் தடுக்கல, நல்ல எண்ணத்துல கும்பிடறவங்களை எதுக்குத் தடுக்கணும்?

எல்லாம் பலூனால வந்தது. பிரேமலாவுக்கு வாசல்ல பலூன் வளைவு வேணும். தங்காக்காரங்க ஜவுளிக்கடைக்காரங்க, அலங்காரம் இல்லாம வரவேத்தா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்கன்னா. அத்தனை பலூனை யார் ஊதறது? மிஷினுக்குக் காத்துக் குடுக்கிற கம்ப்ரசரைத் தட்டி விட்டுட்டா. ஊதி முடிச்சதும் நிறுத்தல. பலூனுக்குப் போன காத்து இப்ப எங்க போகும்? நீங்களே சொல்லுங்க. துணிக்குள்ள அந்தத் தும்பிக்கை மெல்ல மெல்ல உப்பி, தூங்கி எழுந்தவன் மாதிரி துணியை நழுவ விட்டுத் தலையைத் தூக்கிச்சு. கரண்டும் அதே பிளக்குலதான், கேமராவும் கண்ணு முழிச்சிருச்சு. நாங்க யாரும் கவனிக்கல. ஏன்னா அப்பதான் நல்ல நேரம் முடியப் போகுதுன்னு உங்க அக்கா பாக்கியம் கத்திகிட்டு இருந்தாங்க.

நீங்க எழுந்து நின்னீங்க. எதிர்ல மூர்த்தி நின்னான். உங்க கையில தட்டு. உங்க கடையிலேர்ந்து எடுத்த நல்ல மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலை, அதுக்கு மேல வெத்தலை பாக்கு பழம். மூர்த்தி ரெண்டு கையையும் நீட்டினான். அவன் தோளுக்குப் பின்னாலேர்ந்து மூணாவதா ஒரு கை வந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். எவ்வளவு பதவிசா வந்துச்சு தெரியுமா சம்பந்தி! அஞ்சு விரலையும் விரிச்சு, தட்டோட விளிம்பை ஏந்தி, லேசா ஒரு திருகு திருகி, உங்க கையிலேர்ந்து வாங்கிருச்சு. ஒரு வெத்தலை கீழ விழல. "யார்ரா அது, யார் கை அது"ன்னு நீங்க கேட்டீங்க. "அப்பா கைதான் மாமா"ன்னு தேன்மொழி பதறிப் போயி உண்மையைச் சொன்னா. உங்களுக்கு அது இன்னும் பயமாப் போச்சு.

தட்டை வாங்கினது அடுத்து என்ன செய்யும்? கூடையைத் தேடும். நீலக் கூடையை நாற்காலி போடறதுக்காகப் பின்கட்டுல கொண்டு போயி வச்சிட்டோம். அது சபை முழுக்கத் தட்டைத் தூக்கிகிட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கும் நேரா நீட்டி நீட்டிப் பாத்துச்சு. உங்க ஆள் ஒருத்தர் பழக்கத்துல தட்டுல காணிக்கை கூடப் போட்டார். கடைசியில உங்க அக்கா மடியில இருந்த நீலப் பை கண்ணுல பட்டுச்சு. நேரா போயி அதுக்குள்ள தட்டை வச்சு, ஒரு தட்டுத் தட்டிட்டு நிமிர்ந்துச்சு. "பாத்தியாடா தம்பி! வாங்கின தட்டை நம்மகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க! பொண்ணு இல்லன்னு மிஷினை விட்டுச் சொல்றாங்க!"ன்னு அவங்க போட்ட சத்தத்துல பலூன் ஒண்ணு ஒண்ணா வெடிச்சுச்சு.

அதோட விட்டிருந்தாலும் பேசித் தீத்திருக்கலாம். நீங்க மகனுக்கு நல்ல எடம் அமையணும்னு முருகனுக்கு வேண்டிகிட்டு மொட்டை போட்டு, தலை நெறையச் சந்தனம் பூசிகிட்டு வந்திருந்தீங்க. உங்க பக்தியை நான் குறை சொல்லல. ஆனா கேமராவுக்கு முருகன் விஷயம் தெரியாது. கை உங்க தலை மேல வந்து உக்காந்துச்சு. மெதுவா அழுத்திப் பாத்துச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அப்புறம் விட்டுட்டுப் போயிருச்சு. அந்த நேரம் பாத்து வசந்தன் சிரிச்சிட்டான். அவன் சிரிச்சது தப்புதான். ஆனா நான் உங்களை ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காம யோசிச்சுப் பதில் சொல்லுங்க. உங்களுக்குக் கோபம் அது தலையைப் பிடிச்சதுக்கா, இல்ல பழுக்கலைன்னு விட்டுட்டுப் போனதுக்கா? பழுத்திருக்குன்னு முடிவு பண்ணியிருந்தா அடுத்து திருகியிருக்கும். உங்களை விட்டது மரியாதைதான்.

இலை போட்டது போட்டபடி இருக்க, ஒரு வாய் சாப்பிடாம எல்லாரும் காடி ஏறிட்டீங்க. அன்னிக்கு வச்ச பாயாசத்தை எங்க தெரு ஆளுங்க இன்னும் விசாரிச்சுகிட்டு இருக்காங்க.

இப்ப என் நியாயத்தைக் கேளுங்க. தட்டை மிஷின் வாங்கிருச்சு, பொண்ணோட அப்பன் வாங்கல, அதனால நிச்சயம் செல்லாதுன்னு உங்க அக்கா சொல்றாங்க. அந்தக் கை யார் கை? மூர்த்தி கை. அவன் ஆயுள் ரேகை நடுவுல ஒரு எடத்துல அறுந்து ஓடும். சந்தேகம் இருந்தா வந்து ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரப்பர் கையிலயும் அதே எடத்துல அறுந்திருக்கு. ரேகை ஒண்ணா இருந்தா கை ஒண்ணுதான். கவர்மெண்டே ரேகையைத்தான் நம்புது. தட்டைத் திருப்பிக் குடுத்ததா சொல்றாங்களே, அது உங்களுக்குக் குடுக்கல, கூடைக்குக் குடுத்துச்சு. பை நீலமா இருந்தது யார் குத்தம்?

இதுக்கும் நீங்க மசியலைன்னா இன்னொண்ணு சொல்ல வேண்டியிருக்கு. சொல்ல வேணாம்னுதான் இத்தனை வருசம் இருந்தேன். உங்க வீட்டுக்காரம்மா ராசம்மா எங்க தோட்டத்துப் புள்ளைன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு உங்களை நிச்சயம் பண்ண அன்னிக்கு நீங்க வரல. மாப்பிள்ளை வரக் கூடாதுன்னு உங்க அப்பா உங்களைத் தங்காக்குல கடையிலேயே விட்டுட்டு வந்தார். ரப்பரை வெட்டிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட ஆரம்பிச்ச வருசம், தோட்டத்துக் கோயில் மணியை யாரோ கழட்டிகிட்டுப் போன வருசம். அன்னிக்குப் பேய் மழை. லயத்து வரிசை வீடெல்லாம் ஒழுகுதுன்னு நிச்சயத்தை, ரப்பர் பால் வாங்கி வைக்கிற பால் ஸ்டோர்ல வச்சாங்க. ராசம்மாவோட அப்பாவைக் காலையில மரம் சீவப் போன எடத்துல குளவி கொட்டி, ரெண்டு கையும் பூசணிக்காய் மாதிரி வீங்கி விரலே மடங்கல. தட்டை எப்படி வாங்குவார்? நல்ல நேரம் வேற முடியுது. உங்க அப்பா நீட்டிகிட்டே நிக்கறார். அப்ப தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி சோமசேகரம், யாழ்ப்பாணத்து மனுசர், தட்டை வாங்கிப் பால் நிறுக்கிற தராசு மேல வச்சார். வச்ச பழக்கத்துல எடையையும் வாய்விட்டுப் படிச்சார். எல்லாரும் தராசையே பாத்துகிட்டு நிக்கறப்ப, "என்ன பாக்கிறியள்? தட்டு நிலத்தில விழேல்லைத்தானே? தராசு வாங்கிட்டுது. முடிஞ்சுது. சாப்பாட்டைப் போடுங்கோ"ன்னார். போட்டாங்க. சாப்பிட்டாங்க. தங்காக்குல சிரிப்பாங்கன்னு உங்க அப்பா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனார்.

ஆக, உங்க கல்யாணத்துக்குத் தட்டு வாங்கினது தராசு. அந்தக் கல்யாணத்துலதான் வசந்தன் பொறந்தான், கடை பெருசாச்சு, நீங்க பெரிய மனுசர் ஆனீங்க. தராசு வாங்கினது செல்லும்னா கை வாங்கினது செல்லாதா? நான் கதை கட்டறேன்னு நெனச்சா விசாரிச்சுக்கங்க. ஆனா யார்கிட்ட விசாரிப்பீங்க? உங்க அப்பா போயிட்டார். ராசம்மா அப்பாவும் போயிட்டார். கிராணி சோமசேகரம் பென்சன் வாங்கப் போன வழியில போயிட்டார். வேலை வாங்கற மண்டோர் லெட்சுமணன் மெர்சிங்ல மகள் வீட்டுல போனார், நான்தான் போயி தோள் குடுத்தேன். சாமி கும்பிட்டுவிட்ட பண்டாரமும் போயிட்டார். என்னை விட்டா இன்னும் ஒரே ஒருத்தர் இருக்காங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சிரிச்சவங்க. பேரைச் சொன்னா உங்க வீட்டுல அடுப்பு எரியாது. அதனால சொல்லல.

இவ்வளவையும் தயவு பண்ணி யோசிச்சு, என் பேத்தி அரிசி டின்னைத் திறக்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பணும். கை இல்லாம அவ உங்க வீட்டுக்கு வந்தா நல்ல மருமகளா இருப்பா, ஆனா அது எங்க தேன்மொழியா இருக்க மாட்டா. உங்க கடை வியாபாரம் செழிக்கணும், உங்க அக்காவுக்குத் தொண்டை சரியாகணும், உங்க தலையில முடி சீக்கிரம் முளைக்கணும்னு எங்க தெருக்கோடி முனியாண்டி சாமியை வேண்டிக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
ஐயாசாமி
(இடது கை பெருவிரல் ரேகை. இதுவும் செல்லும்.)

பி.கு: மேல எழுதினது எதையும் நீங்க படிக்க வேண்டாம். கடுதாசியை மடிச்சுகிட்டு இருக்கறப்பவே வாசல்ல ஒரு வாடகைக் காடி வந்து நின்னுச்சு. நாத்தனார் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுன்னு ஒரு அம்மா தட்டும் கையுமா இறங்கினாங்க. சிகாமட்ல சொந்தக்காரங்களைப் பாக்கப் போறதா உங்ககிட்டச் சொல்லிட்டு, அங்கேயிருந்து மின்சார ரயில் ஏறி வந்திருக்காங்க. உள்ள வந்ததும் தண்ணி கூடக் குடிக்கல. "எங்கடி அந்தக் கை"ன்னு கேட்டாங்க. தேன்மொழி அரிசி டின்னைக் காட்டினா. "எடுத்து மாட்டு. எனக்குத் தட்டு வாங்கின தராசுக்கு ஒரு விரல் கூடக் கிடையாது, அதை வெளிய விடாம நானும் உங்க மாமாவோட இத்தனை வருசம் குடும்பம் நடத்தலையா? இதுக்கு அஞ்சு விரல் இருக்கு, அப்புறம் என்ன?"ன்னாங்க. தேன்மொழி கையை மாட்டினா. விரல் இடுக்குலேர்ந்து அரிசி கொட்டிகிட்டே அது தட்டை வாங்குச்சு. இந்தத் தடவை பிரேமலா நீலக் கூடையை மறக்கல, இடுப்புல வச்சுகிட்டு நின்னா. வச்சிருச்சு. மூர்த்தி எதிர்த்தட்டைக் குடுத்தான், அந்தம்மா ரெண்டு கையாலயும் வாங்கிட்டாங்க. தை மாசம் கல்யாணம். வசந்தனுக்குப் போன் போட்டாச்சு, இப்பவும் சிரிச்சான். ஆக உங்க சம்மதத்துக்கு நாங்க காத்திருக்கல, நீங்க வந்து சாப்பிட்டாப் போதும். சந்தனம் மட்டும் பூசிகிட்டு வராதீங்க. பால் ஸ்டோர் ஜன்னல்ல எட்டிப் பாத்து, இன்னும் உயிரோட இருக்கிற அந்த ஒருத்தர் பேரைச் சொல்லாம விட்டேன்ல, இனி சொன்னா என்ன? எங்க வீட்டு நாற்காலியில காலை நீட்டி உக்காந்து, ரப்பர் கையை ஒவ்வொரு விரலாப் பிடிச்சுப் பாத்துகிட்டு, பாயாசம் இன்னும் மிச்சம் இருக்கான்னு கேட்டுகிட்டு இருக்காங்க, உங்க ராசம்மா.